முன்பே கொடுத்துவிட்ட முடி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். நகரிப் பக்கத்துக் கிராமத்தில் இரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தேன். பிறகு திருப்பதிக்கு வந்து, பஸ்ஸில் போர்டு பார்த்துப் பார்த்துத் தெலுங்கு எழுத்தும் கொஞ்சம் பிடிபட்டது. ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும், யாரும் என்னைத் துரத்தவில்லை. வேலை போனவர்களும் வேலை மாற நினைக்கிறவர்களும் என்னைப் பார்த்து, “அறுபத்தொரு வயசுல உனக்கு எப்படிம்மா வேல கெடச்சிது?” என்று கேட்கிறார்கள். பாதி பேர் கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். அதனால் முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு லாட்ஜில் இருபத்திரண்டு வருஷம் அறை சுத்தம் செய்தேன். மலைக்கு வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜ். ஒரு குடும்பம் வெளியே போகும், அரை மணி நேரத்தில் அடுத்த குடும்பம் உள்ளே வரும். அந்த அரை மணி நேரம்தான் என் வேலை. நான் பெருக்கித் துடைத்த அறையில் ஒரு முடி கிடந்தது என்று யாரும் சொன்னதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

முடி என்றதும் சந்தனத்தையும் சொல்ல வேண்டும். மலையில் மொட்டை போட்டுக்கொண்டவர்கள் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வருவார்கள். வந்த களைப்பில் அப்படியே தலையணையில் சாய்ந்துவிடுவார்கள். எழுந்து போகும்போது உறையில் மஞ்சளாய் ஒரு வட்டம் இருக்கும். கடைகளில் கிடைக்கிற சந்தனத்தில் பாதி மஞ்சள்தான், லேசில் போகாது. பெட்ஷீட்டெல்லாம் வெளியே லாண்டரிக்குப் போகும். தலையணை உறையை மட்டும் நாங்கள்தான் மொட்டைமாடியில் துவைத்துக் காயவைக்க வேண்டும். அதை வாங்கி வைக்க ஒருத்தி இருந்தாள். மாடியிலேயே இருந்த துணி ரூம் அவள் பொறுப்பு. தெலுங்குக்காரி, ஆனால் எங்களோடு பழகி எங்கள் தமிழே பேசுவாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். ஒவ்வொரு உறையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள்.

“அக்கா, இது இன்னா?”

“இன்னா?”

“இங்க. மூலையில. மஞ்சள் தெரியல உனக்கு?”

“உன் கண்ணுல மஞ்சகாமாலை. எனக்கு ஒன்னும் தெரியல.”

“திரும்ப தொவச்சிக்கினு வா. அப்புறமா கண்ண பாத்துக்கலாம்.”

இருபத்திரண்டு வருஷமும் இந்தச் சண்டைதான். அவள் இல்லாத நாளில் நிம்மதியாக டீ குடிப்பேன். அவளை எனக்குப் பிடிக்காது என்றே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆனி மாதக் கடைசியில் முதலாளி எங்கள் எல்லோரையும் கீழே கூப்பிட்டார். கட்டடத்தை விற்றாகிவிட்டது, வாங்கியவர்கள் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்றார். நல்ல மனிதர், கொடுக்க வேண்டியதைக் கையில் கொடுத்தார். “லெட்டர் எதாவது எழுதித் தரட்டுமாம்மா, வேற எடத்துல காட்ட?” என்று என்னைக் கேட்டார். “எதுக்குங்க லெட்டர்? என் கையப் பாத்தாலே தெரியாதா?” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து வந்துவிட்டேன். என் முதல் தவறு அது. இன்னொருத்தர் கையைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. கொடுக்கிறேன் என்கிற காகிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

என் மகன் சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் இருக்கிறான். மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீடு. வேலை போன விஷயம் அவனுக்கு மட்டும் சொன்னேன். “வந்துடும்மா எங்ககூட. ஆடி முடியட்டும். ஆவணி பொறந்ததும் வண்டி எடுத்துக்கினு வரேன்” என்றான். ஆடியில் நாங்கள் வீடு மாற்ற மாட்டோம். அப்படியாக எனக்கு ஒரு மாதம் கிடைத்தது.

மகன் தங்கமானவன். மருமகளும் ஒரு குறை சொல்ல முடியாதவள். ஆனால் எனக்கு மாடியில் ஒரு அறை இருக்கிறது. என் கணவர் போனபிறகு நானே வாடகை கொடுத்து நானே பூட்டித் திறக்கிற அறை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து திறந்தால், காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆவணி பிறப்பதற்குள் வேலை கிடைத்தால் அந்தச் சாவி எனக்கு. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

வேண்டுதல் வைக்கலாம் என்று நினைத்தேன். எல்லோரும் எப்படி வைக்கிறார்கள்? நீ இதைக் கொடு சாமி, நான் முடி கொடுக்கிறேன் என்பார்கள். காரியம் முடிந்தபிறகு மலையேறுவார்கள். எனக்கு அது கடையில் பேரம் பேசுகிற மாதிரி இருந்தது. யாரிடமும் கைநீட்டிப் பழக்கம் இல்லாதவள் நான். முதலில் கொடுத்துவிட்டால் அப்புறம் கேட்பது கேட்கிற மாதிரி இருக்காது என்று தோன்றியது. ஆடி முதல் வாரமே பஸ் ஏறிப்போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனமும் பூசிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அதனால் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

தெருமுனையில் திரும்புவதற்குள் எதிர்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். “இன்னாக்கா, வேண்டுதல் நெறவேறிச்சா? சொல்லவே இல்ல பாத்தியா!” திருப்பதியில் ஒரு பெண்பிள்ளை மொட்டையோடு வந்தால் அந்த வீட்டில் நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு வேலை போய்விட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சும்மா சிரித்தேன்.

“மகன் வீடு கட்டறாரா?” என்றாள்.

அதற்கும் சிரித்தேன். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து மகன் சித்தூரிலிருந்து போன் செய்தான்.

“ஏம்மா, நான் வீடு கட்டறேனாமே?”

“யாரு சொன்னா?”

“உங்க தெருவுல ஒருத்தங்க தம்பி என்கூட ஃபேக்டரில கீறான். எத்தினி மாடின்னு கேக்கறான். இன்னா சொல்லட்டும்?”

“ரெண்டுன்னு சொல்லு” என்று போனை வைத்துவிட்டேன்.

தெருவுக்குப் பயந்து, வழக்கம்போல் காலை ஏழு மணிக்கு டிபன்பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒவ்வொரு லாட்ஜாக ஏறுவேன். முதல் லாட்ஜில் நான் வாய் திறப்பதற்குள் கவுண்டரில் இருந்த பையன், “ரூமு லேதம்மா, ஃபுல்லு” என்றான். ரூம் கேட்க வரவில்லை என்றேன். “அப்ப பாத்ரூமா? அந்தப் பக்கம்” என்றான். அடுத்த லாட்ஜில் வாட்ச்மேன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “லக்கேஜ் எங்கம்மா? எத்தினி பேரு?” என்று கேட்டார். மொட்டைத்தலையும் சந்தனமும் இருந்தால் இந்த ஊரில் வெளியூர்க்காரர்தான். இருபத்திரண்டு வருஷம் அந்தத் தலைகளுக்குத் தலையணை போட்டவள் நான். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

பெரிய கேன்சர் ஆஸ்பத்திரி ஒன்றில் இன்னும் மோசம். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸம்மா வந்து அன்பாகத் தோளைத் தொட்டு, “தனியாவா வந்தீங்க? ட்ரீட்மென்ட் எத்தனாவது?” என்று கேட்டு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். வேலை கேட்க வந்தேன் என்று சொல்ல வெட்கமாகி, கால் வலிக்கவில்லை தாயே, நடந்தே போகிறேன் என்று சொல்லி அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

சில இடங்களில் காதுகொடுத்துக் கேட்டார்கள். அங்கே எல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னேன்: “எந்த வேலையானாலும் செய்வேங்க.” பணிவாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும் என்று நினைப்பு. “நம்பர் குடுத்துட்டுப் போங்கம்மா, சொல்றோம்” என்பார்கள். கொடுத்தேன். போன் அடிக்கவில்லை. போன் வேலை செய்கிறதா என்று பார்க்க, மகனை விட்டு ஒருமுறை அடிக்கச் சொன்னேன். நன்றாக அடித்தது.

ஆடியில் மூன்று வாரம் ஓடிவிட்டது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், மலை பஸ் நிற்கிற பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் துணி ரூம்காரி.

என் தலையைப் பார்த்தாள். எல்லோரும் கேட்டதை அவள் கேட்கவில்லை.

“வேல இன்னும் கெடைக்கலையாக்கா?”

எடுத்த உருண்டையை டிபன்பாக்ஸிலேயே வைத்தேன். “யாரு சொன்னா அப்படி?”

“யாரு சொல்லணும்? மணி பதினொன்னு. ரூம் கழுவற நேரம். வேலைல இருந்தா நீ இந்நேரத்துக்கு ஒக்காந்து துன்ற ஆளா?”

“வேண்டுதல். அதான் மொட்டை.”

“நெறவேறின மூஞ்சியா இது? சாமிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டியா நீ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, நான் முகம் துடைத்துக்கொள்கிற வரைக்கும் வேறு பக்கம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சின்ன மரியாதையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பிறகு உட்கார்ந்தாள். என் டிபன்பாக்ஸிலேயே ஒரு உருண்டை எடுத்துத் தின்றாள்.

“போற எடத்துல இன்னான்னு சொல்ற?”

“எந்த வேலையானாலும் செய்வேன்னு.”

“அதான் கேடு. எந்த வேலையானாலும்னு சொன்னா அவனுக்கு ஒரு வேலையும் ஞாபகம் வராது. சந்தனக் கறை எடுப்பேன்னு சொல்லு.”

“போடி. அதெல்லாம் ஒரு வேலையா?”

“வேலை இல்லாமதான் இருவத்திரண்டு வருஷம் உன்கூட சண்ட போட்டேனா? ஆறு பேரு ஒற தொவச்சாங்க அந்த லாட்ஜுல. மத்தவங்களுது பாதி கிழிசலாப் போச்சி. உன்னுது ஒன்னுகூட நான் குப்பையில போடல. இது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. நம்மோடு சிரித்துப் பேசுகிறவர்களுக்கு நம் கஷ்டம் தெரியும். நம்மோடு வேலையில் சண்டை போட்டவர்களுக்குத்தான் நம் வேலை தெரியும். வேலை தேடுகிறவர்கள் முதலில் அவர்களிடம் போங்கள். எனக்கு இது தெரிய ஒரு மாதம் வீணானது.

அவளுக்கு ரேணிகுண்டா ரோட்டில் ஒரு லாண்டரியில் வேலை கிடைத்திருந்தது. லாட்ஜுகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி வந்து மெஷினில் வெளுக்கிற இடம். தலையணை உறைதான் அங்கே தலைவலி. சந்தனம் போகவில்லை என்று லாட்ஜ்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள், ப்ளீச்சிங்கை அள்ளிப் போட்டால் துணி நைந்துபோகிறது. “நான் மேஸ்திரிகிட்ட சொல்லி வைக்கிறேன். நீ லெட்டர் எடுத்துக்கினு வெள்ளிக்கிழமை வா” என்றாள்.

“லெட்டர் இல்ல.”

“ஏன் இல்ல?”

சொன்னேன். “கையப் பாத்தா தெரியாதான்னு சொன்னியா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “போய்க் கேளு. முதலாளி ஊர்லதான் கீறாரு.”

கேட்கப் போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததைத் திரும்பப் போய்க் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. முதலாளி வீட்டு வாசலில் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டார். “லெட்டருக்குத்தானே? வருவீங்கன்னு தெரியும்மா” என்று மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எல்லோருக்கும் எழுதும்போதே எனக்கும் எழுதி வைத்திருக்கிறார். இங்கிலீஷில் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது. கடைசி வரியை அவரே தமிழில் சொன்னார்: “இவங்க சுத்தம் பண்ணின ரூமைப் பத்தி ஒரு கம்ப்ளைன்ட்கூட வந்ததில்லைன்னு போட்டிருக்கேன்.” அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். இப்போதும் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை லாண்டரிக்குப் போனேன். தலையில் முக்காடு போட்டுக்கொள் என்று அவள் சொல்லியிருந்தாள், நான் போட்டுக்கொள்ளவில்லை. மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அம்மா, இது லாண்டரி. லாட்ஜ் அந்தப் பக்கம்” என்றார். அவள் உள்ளேயிருந்து கத்தினாள்: “சார், அவங்கதான் நான் சொன்ன அக்கா!”

மேஸ்திரி லெட்டரைப் படித்தார். மடித்துக் கொடுத்தார். ஒரு உறையை எடுத்து என் முன்னால் போட்டார். நடுவில் பழைய மஞ்சள் வட்டம். “ப்ளீச்சிங் இல்லாம இதை எடுங்க பாக்கலாம்.”

நனைக்கக் கூடாது, அதுதான் முதல் விஷயம். எல்லோரும் கறையைப் பார்த்ததும் தண்ணீரில் போடுவார்கள், சந்தனம் நூலுக்குள் இறங்கிவிடும். நான் காய்ந்த உறையைப் பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தூளை உதிர்த்தேன். பிறகு பச்சைத் தண்ணீர். பிறகு சோப்பு. சோப்புப் பட்டதும் மஞ்சள் வட்டம் ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது.

“ஏமம்மா இது! இருந்ததும் போச்சே!” என்றார் மேஸ்திரி.

“மஞ்சள் சோப்பைப் பாத்தா செவக்கும் சார். வெயில் பாத்தா போயிடும்.”

அலசிப் பிழிந்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வானம் முழுக்க மேகம். ஆடிக் காற்று அடிக்கிறது, வெயிலைக் காணோம். மேஸ்திரி வந்து பார்த்தார், சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வந்தார், அப்படியே இருந்தது. “பாப்போம்மா” என்று இறங்கிப் போனார். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த மாதத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆவணிக்கு ஐந்து நாள் இருந்தது. கொடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். இடுப்பில் சாவி குத்திக்கொண்டிருந்தது.

அவள் சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்தாள். உறையை ஈரம் காயாமல் மறுபடி தண்ணீர் தெளித்து, மலைப்பக்கம் திருப்பிப் போட்டாள். “காஞ்சிபோனா வெயில் வந்தும் பிரயோஜனம் இல்ல” என்றாள். அது நான் செய்கிற வேலை. லாட்ஜ் மாடியில் நான் செய்ததைத் துணி ரூம் ஜன்னல் வழியாக இத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள்.

இரண்டு மணிக்கு மேல் மேகம் விலகியது. வெயில் சுள்ளென்று விழுந்தது. அரை மணியில் சிவப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் வெளுத்தது. மூன்று மணிக்கு மேஸ்திரி வந்தபோது அவள் உறையைக் கொடியிலிருந்து எடுத்து, பழையபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சும்மா சொல்லவில்லை, மேஸ்திரியைவிட அவள் கண்ணுக்குத்தான் பயந்தேன்.

“ஒன்னும் இல்ல சார்” என்றாள்.

மேஸ்திரியும் வாங்கிப் பார்த்தார். “நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்கம்மா” என்றார்.

ஆவணி முதல் தேதி மகன் வண்டியோடு வந்துவிட்டான். வேலை கிடைத்ததைப் போனில் சொன்னேன்தான், “எத்தினி நாளைக்கும்மா? நேர்ல வந்து பேசறேன்” என்று கிளம்பி வந்துவிட்டான். வண்டியைப் பார்த்ததும் தெரு கூடிவிட்டது. “புது வீட்டுக்குக் கூட்டிக்கினு போறீங்களா தம்பி? எத்தினி மாடி?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. மகன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அதற்குமேல் பொய்யைத் தாங்க முடியவில்லை.

“வீடும் இல்ல, மாடியும் இல்லடி. எனக்கு வேலை போச்சி. கெடைக்கணும்னுதான் முன்னாடியே முடி குடுத்தேன். இப்ப கெடச்சிச்சி” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு திட்டினாள். “ஏக்கா, வாய தொறந்து சொல்ல மாட்டியா? எங்க அண்ணி வேலை செய்யற ஆஸ்பத்திரில ஆடி மொத வாரமே துணி செக்‌ஷனுக்கு ஆள் கேட்டாங்க. தெருவெல்லாம் கேட்டேன். உனக்குத்தான் எல்லாம் நல்லா இருக்குன்னு உன்னக் கேக்கல!”

ஒரு மாதம் என் வாசலுக்கு எதிரிலேயே வேலை இருந்திருக்கிறது. என் சிரிப்பு அதை மறைத்துவிட்டது. வேலை போவது வெட்கம் இல்லை. பத்துப் பேருக்குச் சொல்லுங்கள், யார் காதில் எது விழுந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது.

மகனுக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தான். என் டம்ளரையும், ஆணியில் மாட்டியிருந்த லாண்டரி அடையாள அட்டையையும் பார்த்தான். அட்டையில் என் மொட்டைத்தலைப் போட்டோ.

“போலீஸ்காரன் புடிச்ச மாதிரி கீறம்மா இதுல” என்றான்.

“இருக்கட்டும். எடுத்து வை, அழுக்காயிடும்.”

அதன்பிறகு கூட்டிப்போகிற பேச்சை அவன் எடுக்கவில்லை. வண்டி வெறுமனே போக வேண்டாம் என்று என்னிடம் சும்மா கிடந்த கட்டிலைக் குழந்தைகளுக்குக் கொடுத்து அனுப்பினேன். மாற்றுச் சாவி ஒன்று செய்து வைத்திருந்தேன், அதையும் அவன் சட்டைப்பையில் போட்டேன். “நான் வேலைக்குப் போயிருந்தா தெறந்து உள்ள ஒக்காரு. டம்ளர மட்டும் எடம் மாத்தாத.”

இப்போது எனக்கு முடி தோளுக்குக் கீழே வளர்ந்துவிட்டது. சாமிக்கு நன்றி சொல்ல மறுபடி மலையேறினேன், இந்த முறை தலையில் கைவைக்கவில்லை. துணி ரூம்காரிக்கு மட்டும் வாயால் நன்றி சொன்னதே இல்லை. சொன்னால் அடிக்க வருவாள். காலையில் எனக்கு முன்னால் வந்து ஜன்னல் பக்கத்தில் நிற்கிறாள். நான் கொண்டுபோய் வைக்கிற உறையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்கிறாள்.

“அக்கா, இது இன்னா?” என்கிறாள்.

வாங்கிக்கொண்டு போய்த் திரும்பத் துவைக்கிறேன்.